கேம்பிட்: காலை வாரும் சிப்பாய்

“சும்மா கிடைச்ச சிப்பாயைத்தானே சார் வெட்டினேன்?” என் செஸ் வகுப்பில் ஒரு பையன் கண்கலங்கக் கேட்டான். வெள்ளைக் காய்களோடு ஆடி, கறுப்பு ஒரு சிப்பாயை நீட்டும் எங்லண்ட் கேம்பிட் என்ற தொடக்கத்தில் எட்டே நகர்த்தலில் செக்மேட் வாங்கியிருந்தான்.

ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை இரையாக நீட்டி எதிராளியைச் சிக்கவைப்பதுதான் கேம்பிட். அவனுக்கு அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். அதிலிருந்து பிறந்த ‘காம்பெத்தோ’, மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறி விழவைப்பது. ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட செஸ் நூலில் அதை ஆட்டத்தின் சொல்லாகப் பயன்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. நாம் ‘காலை வாரிவிட்டான்’ என்கிறோமே, அதேதான்.

கேம்பிட்டைத் தமிழில் ‘சிப்பாய்த் தியாகம்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தியாகம் என்றதும் குழந்தையின் கண் சிப்பாய் மேலேயே நிற்கிறது. நீட்டிய கால் தெரிவதில்லை.

அதற்காக, சிப்பாயை வெட்டினாலே விழுந்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். குயின்ஸ் கேம்பிட்டில் வெள்ளை சி4 கட்டத்தில் நீட்டும் சிப்பாயைக் கறுப்பு தாராளமாக வெட்டலாம். வெட்டியதை விடமாட்டேன் என்று பி5இல் இன்னொரு சிப்பாயை வைத்து முட்டுக்கொடுக்கும்போதுதான் வினை. வெள்ளை ஈ3, ஏ4 என்று சிப்பாய்களை நகர்த்தி அந்த ஆதரவை உடைத்து, ராணியை எஃப்3க்குக் கொண்டுவந்தால், மூலைவிட்டம் முழுக்கத் திறந்து ஏ8 யானை மாட்டிக்கொள்ளும். அதைக் காப்பாற்றப் போனால் வேறொரு காய் போகும். மல்யுத்தத்திலும் அப்படித்தான்: பாரம் முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்தவனைத்தான் இடறிவிட முடியும்.

காலை நீட்டுபவனும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறான், அதையும் பார்க்க வேண்டும். எங்லண்ட் கேம்பிட்டில் கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டியதும் பையன் பதறிப்போய்ப் பிஷப்பை சி3இல் வைத்தான். அங்கே குதிரையை வைத்திருந்தால் வெள்ளையின் கைதான் ஓங்கியிருக்கும். வெகுதூரம் வந்துவிட்ட கறுப்பு ராணி தவித்திருக்கும்.

பெற்றோர்களே, ‘பத்தே நகர்த்தலில் வெற்றி’ வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளைகள் பொறிகளை மனப்பாடம் செய்கிறார்கள். பார்க்கட்டும். அப்புறம் பலகையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, “இப்போ நீ எதிராளி. எங்கே கால் இடறுது, காட்டு” என்று கேளுங்கள். அந்தப் பையனிடமும் “எங்கே கால் இடறுது” என்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன், சி3இல் இருந்த பிஷப்பை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தான்.