பழைய ஆலை நிலம் வாங்குகிறீர்களா? மண்ணுக்கடியில் டேங்க் இருக்கலாம்: 2025 விதிகளும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனையும்

மூடிக் கிடக்கும் மில், ஃபவுண்டரி, லாரி டிப்போ என்று ஓர் இடம் விலைக்கு வந்தால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் அலசிவிடுகிறோம். மண்ணுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பது இந்த மூன்றிலும் வராது. பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில், ஜெனரேட்டருக்கும் லாரிக்கும் டீசல் என்று பழைய ஆலைகள் பலவும் இரும்பு டேங்குகளைப் புதைத்து வைத்திருந்தன. ஆலை மூடும்போது மெஷின்களை ஏலம் விடுவார்கள். டேங்கைத் தோண்டி எடுத்தால் செலவுதானே தவிர வரவு இல்லை, அதனால் அது அங்கேயே கிடக்கும். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மிச்சமிருந்த எண்ணெய் மண்ணில் இறங்கும்.

இப்படி மாசுபட்ட இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்கென்றே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் இவை. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும். பட்டியல் வந்த 90 நாளில் முதற்கட்ட ஆய்வு. அதில் சந்தேகம் உறுதிப்பட்டால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. 2016 அபாயகரக் கழிவு விதிகளில் உள்ள 189 ரசாயனங்களில் சந்தேகப்படுபவற்றின் அளவை அப்போது பார்ப்பார்கள். வரம்பு மீறியிருந்தால் அந்த இடம் எதுவென்று பொதுவில் அறிவித்து, உள்ளே போகக் கட்டுப்பாடு விதிப்பார்கள். மாசுபடுத்தியவர் யார் என்று கண்டறிய மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 90 நாள் அவகாசம். சுத்தம் செய்யும் செலவு அவர் தலையில்தான். அவரிடமிருந்து கிடைக்காத நிலையில் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் கொட்டிய எண்ணெய், குப்பைக்கிடங்கு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவை இதில் சேரவில்லை.

கண்டுபிடிக்கும் வேலைக்கெல்லாம் நாள் குறித்த விதிகள், இடத்தைச் சுத்தம் செய்து முடிக்க மட்டும் கெடு வைக்கவில்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது. விதிகள் வந்தபோது நாடு முழுக்க அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள். சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில்தான். அதோடு, நிலம் கைமாறும்போது மண்ணைச் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நம் பத்திரப் பதிவில் இல்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் காகிதம். 1934 பெட்ரோலியம் சட்டப்படி 2,500 லிட்டருக்கு மேல் டீசல் வைத்திருந்தாலோ, ஒரே கலத்தில் 1,000 லிட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது வெடிபொருள் துறை என்று பழைய ஆட்கள் சொல்லும் பெசோ (PESO), அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு. லைசென்ஸோடு அங்கீகரித்த வரைபடமும் இருக்கும். டேங்க் எங்கே, எத்தனை, எவ்வளவு கொள்ளளவு என்பது அதில் தெரிந்துவிடும். விற்பவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று பதில் வந்தால் ஆலையின் பழைய வாட்ச்மேனையோ பாய்லர் ஆபரேட்டரையோ தேடிப் பிடியுங்கள். லாரி எங்கே நின்று எண்ணெய் இறக்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் இடத்தைச் சுற்றி வாருங்கள். டேங்கின் ஆவி வெளியேறச் சுவரோரம் தனியாக நிற்கும் வென்ட் பைப், காரணமில்லாத சதுர கான்கிரீட் மூடி, தரையோடு தரையாக ஒரு ஃபில்லிங் மூடி, இவையெல்லாம் அடையாளங்கள். மூடி திறந்தால், அனுபவமுள்ள ஆளை வைத்து டிப் ராடை (டேங்கில் உள்ள அளவு பார்க்கும் கம்பி) இறக்கிப் பார்க்கலாம். பெட்ரோல் பங்க்கில் பயன்படுத்தும் வாட்டர் பேஸ்ட்டை ராடின் நுனியில் தடவினால், தண்ணீர் நிற்கும் உயரம் வரை நிறம் மாறும். மூடிய டேங்கில் மழைக்காலத்தில் அந்த உயரம் ஏறி, கோடையில் இறங்கினால் நிலத்தடி நீர் உள்ளே வந்து போகிறது என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் வந்த வழியாக எண்ணெயும் வெளியே போயிருக்கும்.

மண் மாதிரியை மேலாக அள்ளினால் பயனில்லை. டேங்கின் இரு முனைகளிலும், பைப் போகும் பாதையிலும், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வரை துளையிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றை லேபில் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் என்றால் ஈயமும் பார்க்கலாம். 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றுவிட்டது. ஆகவே எண்ணெயோடு ஈயமும் சேர்ந்து வந்தால் கசிவு பழையது என்று ஊகிக்க இடமுண்டு. யார் காலத்தில் கசிந்தது என்ற வாதம் வரும்போது இது கைகொடுக்கும்.

தண்ணீரையும் விடக்கூடாது. கோவை போன்ற பாறை நிலத்தில் எண்ணெய் பாறை வெடிப்பைப் பிடித்துக்கொண்டு போகும். அதனால் பக்கத்து போர்வெல் நன்றாக இருக்க, நாலு வீடு தள்ளி இருப்பதில் வாடை வரலாம். 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் வீட்டு போர்வெல்கள் கெட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

டேங்கை எடுப்பது என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. காலி டேங்க் என்று அசட்டையாக இருக்கவே கூடாது. எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கி நிற்கும். காயலான் கடை ஆளைக் கூப்பிட்டு கேஸ் கட்டிங் வைத்தால் உயிர் போகும். உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே ஆள் இறங்கவோ வெட்டவோ வேண்டும். அடியில் படிந்த எண்ணெய்ச் சகதி, சட்டப்படி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்றவரிடம், கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பதியும் படிவம் 10 போட்டுத்தான் அனுப்ப முடியும். தமிழ்நாட்டில் இத்தகைய கழிவுக்கான கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

சோதனை முடிவு மோசம் என்றால் இரண்டு வழி: விலகிக்கொள்வது, அல்லது சுத்தம் செய்யும் செலவு விற்பவருடையது என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்தத் தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும், பக்கத்தில் குடியிருந்து தண்ணீரில் வாடை வருகிறது என்பவர்களும், லேப் அறிக்கையை இணைத்துக் கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் மனு கொடுங்கள். 2025 விதிகளின்படி சந்தேகப் பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன் என்று மனுவில் தெளிவாக எழுதி, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.