ஐசியுவில் பகலும் பகலாக இல்லை

கோலாலம்பூரில் ஐசியுவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருப்பவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "ராத்திரியெல்லாம் லைட் எரியுது, எப்படித் தூங்குவாரு?" நியாயமான கவலைதான். ஆனால் பகல் மங்கலாக இருப்பதும் கெடுதல்தான். அதை யாரும் கவனிப்பதில்லை.

விழித்திரையில் காட்சியைக் காட்டும் செல்கள் தவிர, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்லும் செல்களும் உண்டு. 2002இல்தான் இவை உறுதியாகத் தெரியவந்தன. இவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகம் தூண்டப்படும். செய்தி போய்ச் சேர்வது மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சுக்கு. உடலின் தலைமைக் கடிகாரம் அது. இரவில் தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் சுரப்பதும், விடியலை ஒட்டி விழிப்புக்குத் தயாராக்கும் கார்டிசோல் ஏறுவதும் அதன் கட்டளையில் நடக்கின்றன.

இந்தக் கடிகாரம் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நேரம் பிடிக்கிறது. நம்மூர் உச்சி வெயிலில் வெளியே வெளிச்சம் 50,000 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் இருக்கும். மேகம் மூடினாலும் பல ஆயிரம். ஜன்னலை விட்டுத் தள்ளியிருக்கும் ஐசியு படுக்கையிலோ பட்டப்பகலிலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. பார்க்கப் போகும் நமக்கு அந்த அறை பளிச்சென்றுதான் தெரியும், ஏனென்றால் கண் சீக்கிரம் பழகிவிடும். மூளையின் கடிகாரத்துக்கு அது அந்தி நேரம். அப்புறம் நள்ளிரவில் சளி உறிஞ்ச, ரத்தம் எடுக்க, புரட்டிப் படுக்கவைக்க என்று தலைக்கு மேல் விளக்கு எரிகிறது. 1982இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியதால், இங்கே சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிடுகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்தால், உடலுக்கு அது நடுராத்திரியை விட்டு அதிகம் விலகாத நேரம்.

விளைவு, தூக்கம் துண்டு துண்டாகிறது. கிட்டத்தட்ட பாதி பகலில் போய்விடுகிறது. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மிகக் குறைந்துவிடுகின்றன. மயக்க மருந்தில் கிடப்பதும் தூக்கம் ஆகாது. இடம், காலம் தெரியாமல் பிதற்றி, குழாயைப் பிடுங்கும் டெலிரியத்தோடு இந்தத் தூக்கக் கேடு சேர்ந்தே காணப்படுகிறது.

சரி, பகலில் பெரிய விளக்கைப் போட்டால் போதுமா? நெதர்லாந்தில் 734 ஐசியு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அதைச் செய்துபார்த்தார்கள். பகலில் 1,700 லக்ஸ் வரை கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது: டெலிரியம் குறையவில்லை. எனக்கு இது ஏமாற்றம்தான், ஆனால் புரிகிறது. சத்தம், வலி, கிருமித் தொற்று, மருந்து எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும்போது வெளிச்சம் தனியாக என்ன செய்யும்? அதனால்தான் 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் இரவில் விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது, காதடைப்பான், கண்பட்டை என்று பலவற்றைச் சேர்த்துச் செய்யச் சொல்கிறது.

குடும்பத்தாரும் உதவலாம். மதிய வேளையில் பார்க்கப் போனால், திரையை விலக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். கண்ணாடி போடுபவருக்குக் கண்ணாடியையும், காதுக்கருவி வைப்பவருக்கு அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். என்ன கிழமை, மணி என்ன என்று சொல்லுங்கள். இரவில் போகும்போது அவர் கண் அயர்ந்திருந்தால், எழுப்பாமல் வந்துவிடுங்கள்.