கூச வைக்கும் சம்பளம்

எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஆண்டுக் கணக்கைப் பற்றிய செய்தியின் தமிழாக்கத்தில் ‘ஆபாசமான லாபம்’ என்ற தொடரைப் படித்தேன். அவர்கள் விற்றது எண்ணெயா, வேறு ஏதாவதா என்று ஒரு கணம் ஐயம் வந்தது. மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ‘அப்சீன்’. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்.

இச்சொல்லின் தாய், இலத்தீனின் ‘ஒப்ஸ்கேனுஸ்’. அதன் பழம்பொருளில் காமம் இல்லை. அது சகுனம் பார்த்தவர்களின் சொல். ஆந்தை அலறினால் நம் பாட்டிமார் முகம் சுளிப்பார்களே, அதுபோல் தீநிமித்தமாகக் கருதப்பட்ட பறவைகளுக்கு அந்த அடைமொழி கிடைத்தது. பிறகு அருவருப்பானது, வெட்கக்கேடானது என்று பொருள் இறங்கியது.

வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அழுக்கைக் குறிக்கும் ‘கேனும்’ என்பார் சிலர். கி.மு. முதல் நூற்றாண்டின் உரோமானிய அறிஞர் வர்ரோ, நாடக மேடையைக் குறிக்கும் ‘ஸ்கேனா’வோடு இதை முடிச்சுப் போட்டார்: மேடையில் அன்றி வேறெங்கும் வெளிப்படையாகச் சொல்லக் கூடாதது என்பது அவர் விளக்கம். இன்று பலர் இதைத் தலைகீழாக்கி, ‘மேடைக்கு வெளியே வைக்க வேண்டியது’ என்கிறார்கள். சுவையான கதைதான், வர்ரோ சொன்னது அதுவல்ல.

நம் இலக்கணத்தில் மேடைக்குப் பதில் அவை இருக்கிறது. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியம். அவை, அல்: அவைக்கு ஆகாதது. நன்னூல் இதையே இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்தது. மலம் கழித்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்கிறோமே, அதுதான். ஆக, சபையில் சொல்லத் தகாத சொல்லுக்கு ‘இடக்கர்’ என்ற நல்ல சொல் கைவசம் இருந்தும், அதை வகுப்பறையிலேயே விட்டுவிட்டோம்.

நாம் பிடித்துக்கொண்ட ‘ஆபாசம்’ வடமொழி வரவு. அங்கே அதற்கு ஒளிர்வு, தோற்றம், போலித் தோற்றம் என்று பொருள். தருக்க நூலில் போலிக் காரணம் ஹேத்வாபாசம். காவிய இலக்கணத்தில் முறை தவறிய சுவை ரசாபாசம். ‘கூட்டம் ரசாபாசமாக முடிந்தது’ என்று இன்றும் எழுதுகிறோம். முறை தவறியது என்ற அந்தப் பொருள்தான் தனியே பிரிந்து இன்றைய ஆபாசமாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சட்டத்துக்கு அந்தச் சொல் போதும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 294ஆம் பிரிவு, இரண்டும் ஆபாச நூல் விற்பனையைப் பற்றியவை. அவற்றில் வரும் ‘ப்ரூரியன்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரிப்பெடுத்தல் என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது அது. தமிழில் தேட வேண்டியதே இல்லை: தினவு. அரிப்பும் அதுவே, அடங்காத இச்சையும் அதுவே. ‘சிற்றின்ப நாட்டம்’ என்று சுற்றி வளைப்பானேன்?

இனி லாபத்துக்கு வருவோம். பணத்தை அப்சீன் என்பது சொல்லைக் கெடுத்த புதுமையன்று. ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில், அரசனைக் குடிமகன் விசாரித்துத் தீர்ப்பளிப்பதை ஒரு பிஷப் இதே சொல்லால் பழிக்கிறார். அங்கே காமத்துக்கு இடமே இல்லை. மனம் ஒப்பாத கொடுமை என்பதே பொருள்.

தமிழில் அநியாய விலை, கொள்ளை லாபம், அக்கிரம வட்டி எல்லாம் உண்டு. ஆனால் இவை முறைகேடு நடந்ததாகக் குற்றம் சாட்டுகின்றன. அப்சீன் அப்படியல்ல. லாபம் முழுக்கச் சட்டப்படியே வந்திருக்கலாம்; பார்ப்பவருக்குத்தான் குமட்டுகிறது. இந்த இடத்துக்கு ‘கூசு’ என்ற வினையைப் பரிந்துரைப்பேன். ஒளி மிகுந்தால் கண் கூசுகிறது. தகாத கை பட்டால் உடல் கூசுகிறது. நாக்கூசாமல் பொய் சொல்பவரும் உண்டு. மிகையும் தகாமையும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ‘தொழிலாளர்களுக்கு ஊதியப் பாக்கி, தலைமை அதிகாரிக்கோ கூச வைக்கும் சம்பளம்’ என்று எழுதிப் பாருங்கள். யாரும் வேறு படத்தை நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடவே ஒரு சொல்: ‘அவுட்ரேஜ்’. வெளியே பொங்கும் சினம் என்று ஆங்கிலேயர்களே இதைப் பிரித்துப் படிப்பதுண்டு. உண்மையில் இது பழைய பிரெஞ்சுச் சொல். ‘அப்பால்’ என்பதே வேர். எல்லைக்கு அப்பால் போதல், அதாவது நம் அத்துமீறல். அந்த ‘அத்து’வும் எல்லையைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘ஹத்’திலிருந்து வந்ததுதான். தனித்தமிழ் வேண்டுவோர் வரம்புமீறல் என்று எழுதிக்கொள்ளலாம்.