ஃபிஃப்த் வீல் வாங்கும் முன் முன்பாரத்தைக் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு வருஷம் முழுக்க டிரெய்லரிலேயே குடியிருக்கிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் அரிசோனா, கோடையில் கொலராடோ மலைப்பக்கம் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். இவர்களில் பலரும் தேர்ந்தெடுப்பது, பிக்கப் வண்டியின் திறந்த சரக்குப் பகுதிக்குள் இணைத்து இழுக்கும் ஃபிஃப்த் வீல் என்ற வகையை. பெயரைக் கேட்டு ஐந்தாவதாக ஒரு டயரைத் தேட வேண்டாம். குதிரைவண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் ஒரு வளையத்தைப் படுக்கவைத்தார்கள், அதன் பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விமானம் கட்டிய கிளென் கர்ட்டிஸ் 1920களிலேயே தன் ஏரோகார் டிரெய்லரில் இந்த வகை இணைப்பைப் பயன்படுத்தினார்.

சாதாரண டிரெய்லரை பிக்கப்பின் வால்பக்கம் ஒரு உருண்டையில் மாட்டுவார்கள். அந்த உருண்டை பின் அச்சிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருக்கிறது, வினையே அங்கேதான். பக்கக்காற்றிலோ பெரிய லாரி கடந்து போகும்போதோ டிரெய்லர் ஆடினால், அந்த நாலைந்து அடி நெம்புகோலாகி பிக்கப்பின் பின்பக்கத்தைத் தள்ளும், மூக்கு மறுபக்கம் திரும்பும். அச்சுக்குப் பின்னால் பாரம் அழுத்துவதால் முன்சக்கரங்களின் பிடியும் குறையும். ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் கழுத்து சரக்குப் பகுதிக்குள் வந்து, ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர்மேலே உட்காருகிறது. நெம்புவதற்கு அங்கே நீளம் இல்லை.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். இங்கேயும் அதே கதை: சாதாரண டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் உருண்டைமேல் விழும் என்றால், ஃபிஃப்த் வீலில் முன்பாரம் 20, சமயத்தில் 25 சதவீதம்கூட இருக்கும். இழுவைத் திறனை மட்டும் பார்த்து பிக்கப் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

அங்கே எல்லாம் பவுண்டு கணக்கு, நான் கிலோவில் சொல்கிறேன். சாமான்களோடு 6,800 கிலோ டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். 22 சதவீதம் என்றால் முன்பாரமே 1,500 கிலோ. கொக்கி அமைப்பு, இரண்டு ஆட்கள், ஒரு நாய், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்தால் 1,750ஐத் தாண்டும். 'முக்கால் டன்' டீசல் பிக்கப் இந்த டிரெய்லரை இழுத்துவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் சுமைத்திறன், அதாவது தன் முதுகில் தாங்கக்கூடிய எடை, பெரும்பாலும் 1,000, 1,200 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. (முக்கால் டன், ஒரு டன் எல்லாம் பழைய காலத்துப் பெயர்கள், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.) மொத்த எடை வரம்பு மாறாதபோது கனமான டீசல் எஞ்சினே சுமைத்திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதுதான் வேடிக்கை. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள 'ஒரு டன்' வண்டிகளில் பல இரண்டு டன்னுக்கு மேல் தாங்குகின்றன.

அதனால் முதலில் டிரெய்லர், அப்புறம் பிக்கப். விற்பனைத் தாளில் உள்ள காலி எடையை நம்பாதீர்கள், அனுமதிக்கப்பட்ட உச்ச எடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களுக்குச் சாமான் சேர்ந்துகொண்டேதான் போகும். படுக்கையறை கழுத்துப் பகுதியில் இருப்பதால், அங்கே உள்ள அலமாரியில் ஒரு வாஷிங் மெஷினை வைத்தாலும் முன்பாரம்தான் ஏறும். சரக்குப் பகுதி குட்டையான பிக்கப் என்றால் இன்னொரு தொல்லை, கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை பின்கண்ணாடியில் இடிக்கலாம். பின்னால் நகரும் கொக்கி போட்டால் சமாளிக்கலாம்.

மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டென்வர் 1,600 மீட்டரில். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த 11 டன் கூட்டுவண்டி அந்த 1,800 மீட்டரை இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 54 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் டயரும் விழுங்கியது போக மிச்சம் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும், அல்லது டீசல் வண்டியில் உள்ள எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தாலும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாமல் மலைப்பக்கம் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாங்கியபின் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். ஆட்கள், முழு டாங்க் டீசலோடு பிக்கப்பை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள், பிறகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஒருமுறை. பிக்கப்பின் இரண்டு அச்சுகளிலும் சேர்ந்து கூடியிருக்கும் எடைதான் உங்கள் முன்பாரம். பின் அச்சு தாங்கும் உச்ச எடை ஓட்டுநர் பக்கக் கதவருகே ஸ்டிக்கரில் இருக்கும், மேடைச் சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.