கடைசி நாள் குறும்புக்காக டி.சி.யை நிறுத்தி வைக்க முடியுமா?

பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொள்கிறார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க நண்பர்களின் கையெழுத்து. ஒருவன் வண்ணப்பொடி கொண்டுவந்திருக்கிறான். பள்ளி வாசலில் பத்து நிமிடக் கூச்சல், அவ்வளவுதான். மே மாதம் மதிப்பெண் பட்டியல் வந்ததும், மேல்படிப்புக்கு டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போகிற பெற்றோரிடம் பள்ளி அலுவலகத்தில் சொல்கிறார்கள்: "உங்கள் பையன் மீது புகார் இருக்கிறது. தலைமையாசிரியரைப் பாருங்கள்." தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார். தாளாளர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் வாருங்கள். இதற்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது.

பள்ளிக்குக் கண்டிக்கும் உரிமை உண்டு. பெற்றோரை அழைத்துப் பேசலாம். அழுக்காக்கிய சுவரை அவர்களையே துடைக்கச் சொன்னாலும் எனக்கு மறுப்பில்லை. அந்த நாளோடு முடிந்துபோகிற கண்டிப்பு அது. சான்றிதழில் ஏறி உட்கார்ந்துகொண்டு கல்லூரி வரை கூடவே வருகிற தண்டனையைத் தர, ஒரு மைக்கறைக்காக, எந்தப் பள்ளிக்கும் அதிகாரம் இல்லை. அடி, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, எல்லோர் முன்னிலும் இழிவாகப் பேசுவது ஆகியவையும் அப்படியே.

மேசை நாற்காலியை உடைத்தது, ஆசிரியரைத் தள்ளியது, பெண் பிள்ளைகளிடம் அத்துமீறியது எல்லாம் இந்தக் கட்டுரையில் வராது. அவை குறும்பும் அல்ல. 2022இல் வேலூரில் ஓர் அரசுப் பள்ளி மாணவர்கள் மேசைகளை உடைத்த காணொளி பரவியது. ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்குவோம், காரணத்தை டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடுவோம் என்று அந்த ஆண்டு மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்பை இன்றும் சில பள்ளிகள் மை தெளித்த பிள்ளையின் பெற்றோரிடம் காட்டி மிரட்டுகின்றன. அமைச்சர் பேசியது அத்துமீறலைப் பற்றி, மையைப் பற்றி அல்ல. அப்படி யாராவது சொன்னால், எந்த அரசாணை, என்ன எண், என்ன தேதி என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி, பள்ளி மீது கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதும்போது பெற்றோர் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் பள்ளம் வயது. எல்லோரும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல சட்டம்தான். அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு 15 ஆகியிருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் 17. கடைசி நாள் குறும்பு செய்கிறவர்களே இந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகள்தான். "இந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் மனுவை முடித்துவிட அலுவலகத்துக்கு இது போதும். அதற்கு நீங்களே வழி செய்து கொடுக்காதீர்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைக்கு எழுதும் மனுவில் இரண்டைக் குறிப்பிடுங்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. அடுத்தது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ நேரும்படி நடந்துகொள்வது இதன்படி குற்றம். அதே சட்டத்தின் 82ஆம் பிரிவை எழுதிவிடாதீர்கள். உடல் தண்டனை என்ற தலைப்பைப் பார்த்துப் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அது குழந்தைகள் இல்லங்களுக்கானது, பள்ளிக்கு அல்ல.

இரண்டாவது பள்ளம் சிறுபான்மைப் பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பழம்பெரும் பள்ளிகள் பல இந்த வகை. சேர்க்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. பள்ளியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கீகாரச் சான்றில் சிறுபான்மைத் தகுதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் தளர வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் எந்தப் பள்ளிக்கும் விலக்கு அளிக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் ஆத்திரம் வரவழைப்பது: மன்னிப்புக் கடிதம்.

பெற்றோரை வரச்சொல்லி, உட்கார வைத்து, "ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பிரச்சினை முடிந்தது" என்பார்கள். சொல்லச் சொல்ல எழுத வேண்டும். முதல் மூன்று வரி மன்னிப்பு. நான்காவது வரி, "குடும்பச் சூழல் காரணமாக என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது என்று சட்டம் சொல்கிறது அல்லவா? வெளியேற்றவே இல்லையே, பெற்றோரே கேட்டு வாங்கிப் போனார்கள் என்று கோப்பு சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு தச்சுத் தொழிலாளி இப்படித்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளை, ஆண்டு விழா முடிந்து கரும்பலகையில் ஆசிரியரின் கேலிச்சித்திரம் வரைந்த குற்றம். கல்வி அலுவலகத்தில் அவர் எவ்வளவோ சொல்லியும், "இது உங்கள் கையெழுத்துதானே?" என்ற ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நடந்தது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். "தேர்வு முடிந்த அன்று என் மகன் நண்பன் சட்டையில் மை தெளித்தான், அதற்கு வருந்துகிறோம்." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். 'இனிமேல் நடந்தால் பள்ளி எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்' என்ற வரி வேண்டவே வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். எழுதிய கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுக்காமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள். அபராதம் என்று பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற பேச்சு வந்ததும் அபராதம் மறைந்துபோன இடங்களை அறிவேன்.

அடுத்தது எமிஸ், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் இணையத்தளம். டி.சி.யைத் தாளில் கொடுத்துவிட்டு, கணினியில் மாணவரின் பெயரை விடுவிக்காமல் வைத்திருப்பது ஒரு நுணுக்கமான பழிவாங்கல். பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியும். "சர்வர் கோளாறு" என்பார்கள். கோளாறு ஒரே ஒரு பிள்ளையின் பெயரில் மட்டும் இருக்கும். டி.சி.யைக் கையில் வாங்கும்போதே எமிஸில் விடுவித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் மாறிக்கொண்டே போவதையும் பார்ப்பீர்கள். ஒழுங்கீனம் என்று தொடங்கி, நீங்கள் சட்டம் பேசியதும் கட்டண பாக்கி என்பார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி பற்றிய குறிப்பை அதில் எழுதக் கூடாது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறுகிறது என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே போதும். உடனே டி.சி. தர வேண்டும், அது வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

பிரிவு உபசார விழா பிப்ரவரியில் நடந்து, குறும்பும் அப்போதே நடந்திருந்தால் மிரட்டல் வேறு மாதிரி வரும்: "ஹால் டிக்கெட் தர மாட்டோம்." ஹால் டிக்கெட்டை வெளியிடுவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளி அதைப் பதிவிறக்கிக் கொடுக்கும் இடம், அவ்வளவே. இதில் மட்டும் பள்ளியோடு பேசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றே முதன்மைக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.

எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் மக்களை அதிகம் அலைய விடுகிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலர் என்பவர் ஒரே ஆள் இல்லை. தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர். தவறான அறைக்குள் நுழைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. மெட்ரிக் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான அலுவலரிடம் நேராகப் போங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று மாவட்டத்தில் கைவிரிப்பார்கள், சென்னை மண்டல அலுவலகமோ மாநில அரசைக் கேளுங்கள் என்னும். அந்த ஊஞ்சலில் ஏறாமல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். எந்தப் பாடத்திட்டம் என்பது ஆணையத்துக்குத் தடை இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போகச் சொல்வார்கள். அது அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் உண்டு, உதவி பெறாத தனியார் பள்ளிக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். ஆனால் அந்த மனு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். ஆட்சியரிடமிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து, ஆம், நீங்கள் யார் மீது புகார் சொன்னீர்களோ அதே தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டுப் போகும். "மாணவர் ஒழுங்கீனமானவர், பெற்றோருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்ற விளக்கத்தோடு மனு முடித்துவைக்கப்படும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு புகாரைத் தீர்க்க மூன்று மாதம் தருகிறது. ஜூனில் சேர வேண்டிய பிள்ளைக்கு செப்டம்பரில் நீதி கிடைத்து என்ன பயன்?

ஆகவே மனுவில் 'நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தக் கல்லூரியில், எந்தத் தேதிக்குள் டி.சி. கொடுக்க வேண்டும் என்று எழுதி, சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணையுங்கள். தேதி உள்ள மனுவைத் தூக்கிப் போட எழுத்தருக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். பள்ளியிடம் முதலில் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்மொழியாக மறுத்தது எதுவும் அலுவலகத்தில் நிற்காது. மனு முடித்துவைக்கப்பட்டால், பள்ளி கொடுத்த விளக்கத்தின் நகலைக் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தனியார் பள்ளிக்கே அந்த விண்ணப்பத்தை அனுப்பி ஏமாறாதீர்கள். அடி, அவமானம் என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பேசியதும் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டி.சி. கைக்கு வந்ததும் பையில் வைத்துக்கொண்டு ஓடிவராதீர்கள். பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அங்கேயே நின்று படியுங்கள். ஒழுக்கமும் பண்பும் என்ற பத்தியில் 'நன்று' என்று இருக்கிறதா, வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, சாதிப் பத்தி எல்லாம் சரியா? தவறு இருந்தால் திருத்தித் தரும் வரை கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டு வந்துவிட்டால், அதைத் திருத்த அதே தலைமையாசிரியரிடம்தான் மறுபடி போய் நிற்க வேண்டும்.