கிளட்சை மிதித்தும் நிற்காத டிராக்டர்

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, சொந்தமா எட்டு ஏக்கர் இருக்கு. அறுவடை முடிஞ்சதும் நம்ம வயல் மட்டுமில்லாம சுத்துப்பட்டு வயல்லயும் வைக்கோல் எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல சதுரக்கட்டு பேலர் (வைக்கோலை அமுக்கிக் கட்டுற மெஷின்) ஒண்ணு அமையுது. அதுக்கு 35 ஹெச்.பி. வண்டி போதுமா, 45 வேணுமா?"

நல்ல கேள்வி, ஆனால் கேட்க வேண்டியதில் பாதிதான் இது. டிராக்டர் வாங்கப் போகிற எல்லோரும் ஹெச்.பி.யில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். உழவுக்கு மட்டும் என்றால் அது ஓரளவுக்குச் சரி. வைக்கோல் கட்டுவதற்கு என்றால் கிளட்ச் பெடலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

ஹெச்.பி. கணக்கை வேகமாக முடித்துவிடலாம். விற்பனையாளர் சொல்லும் 42, 45 எல்லாம் இன்ஜினின் சக்தி. பேலரை ஓட்டுவது டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டை ஷாஃப்ட், அதாவது பி.டி.ஓ. இன்ஜினிலிருந்து அங்கே வந்து சேருவதற்குள் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு போய்விடும். சின்னச் சதுரக்கட்டு பேலருக்கு பி.டி.ஓ.வில் 30, 35 ஹெச்.பி. கிடைத்தால் நிம்மதியாக ஓடும். அப்படியென்றால் இன்ஜின் நாற்பதுக்கு மேல் இருப்பது நல்லது. உருளைக் கட்டு பேலர் என்றால் இன்னும் குறைவாகவே போதும், டெல்டாவில் அதுதான் அதிகம் ஓடுகிறது. தம்பிக்குச் சதுரக்கட்டுதான் வேண்டுமாம். கேரளாவுக்குப் போகும் லாரியில் சந்து இல்லாமல் அடுக்கலாம் என்கிறார், அது நியாயம்தான்.

இனி எனக்குப் பிடித்த இடம்.

சதுரக்கட்டு பேலருக்குள் ஒரு இரும்புக் கட்டை முன்னும் பின்னும் போய்வந்து வைக்கோலை இடிக்கும். பிளஞ்சர் என்பார்கள். நிமிடத்துக்கு எழுபது எண்பது இடி. அந்தக் காலத்தில் உலக்கை போட்ட வீடுகளில் பார்த்திருப்பீர்கள், தூக்கும்போது கைக்கு ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி, உரலில் மோதும் அந்தக் கணத்தில்தான் வேலையே நடக்கிறது. பிளஞ்சரும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் வைக்கோலை அமுக்கும் சின்ன நேரத்துக்கு மட்டும் ராட்சச பலம் வேண்டும், மீதி நேரம் சும்மா. அந்த உச்ச பலத்தை நேராக இன்ஜினிடம் கேட்டால் 35 ஹெச்.பி. எந்த மூலைக்கு? அதனால்தான் பேலரின் முன்பக்கம் கனமான ஒரு சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள். ஃப்ளைவீல். சும்மா இருக்கும் நேரத்தில் இன்ஜின் கொடுப்பதைச் சுழற்சியாகச் சேமித்து வைத்துக்கொள்ளும், இடிக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். நல்ல மளிகைக் கடைக்காரர் மாதிரி.

எவ்வளவு சேமிக்கிறது என்று பள்ளிக்கூடக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஃப்ளைவீல் 100 கிலோ, ஆரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. தட்டு வடிவச் சக்கரம் என்றால் அதற்குள் ஏறத்தாழ 7,000 ஜூல் இருக்கிறது. சரி, டிராக்டரிடம் எவ்வளவு? 2 டன் எடை, வைக்கோல் எடுக்கும்போது மணிக்கு 3 கி.மீ. வேகம். அதன் ஓட்ட ஆற்றல் வெறும் 700 ஜூல்!

இன்னொரு தடவை படியுங்கள். பின்னால் சுற்றும் 100 கிலோ சக்கரத்திடம் இருப்பது, முன்னால் போகும் 2 டன் வண்டியிடம் இருப்பதைப்போலப் பத்து மடங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பெரியப்பா தோப்பில் நடந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

தென்னந்தோப்பில் புல் வெட்ட ஸ்லாஷர் போட்டிருந்தார்கள், பழைய டிராக்டர். ஸ்லாஷரின் கத்தியும் கிட்டத்தட்ட ஒரு ஃப்ளைவீல்தான். வாய்க்கால் கரைக்கு வந்ததும் ஓட்டியவர் கிளட்சை அடிமட்டம் வரை மிதித்தார். இன்ஜின் சத்தம் லேசானது. வண்டி மட்டும் நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி நிதானமாகப் போய் முன் சக்கரம் இரண்டையும் வாய்க்காலில் இறக்கிவிட்டுத்தான் நின்றது. அவர் மேல்தான் எல்லோரும் பாய்ந்தார்கள். அந்த மூலையில் காத்து கருப்பு இருக்கிறது என்று பெரியம்மா வேப்பிலை கட்டினார். பாவம், அந்த மனிதர் சரியாகத்தான் மிதித்தார்.

நடந்தது இதுதான். பழைய வண்டிகளிலும், இன்றைக்கும் விலை குறைந்த சில மாடல்களிலும் சிங்கிள் கிளட்ச். இன்ஜினிலிருந்து ஒரே ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் வரும், சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் அதிலிருந்துதான் பிரிந்து போகும். கிளட்சை மிதித்தால் இன்ஜின் கழன்றுகொள்ளும். ஆனால் சக்கரமும் பி.டி.ஓ.வும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் இருக்கும். இன்ஜின் விலகிவிட்டதே தவிர ஃப்ளைவீல் விலகவில்லை. அதுதான் இப்போது இன்ஜின்! பின்னாலிருந்து கியர்பாக்ஸ் வழியாக டயரை உருட்டுகிறது. வண்டி வேறு கீழ் கியரில் இருக்கிறது, கீழ் கியர் என்றால் டயரில் பலம் பல மடங்காகப் பெருகும், அதனால் பிரேக்கும் திணறும். நியூட்ரலுக்குத் தள்ளலாம் என்றால், பல்லுக்குப் பல் அழுத்தம் இருக்கும்போது லீவர் அசைந்து கொடுக்காது. எல்லாம் இரண்டு மூன்று விநாடி சமாச்சாரம்தான். ஆனால் வரப்பு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால் அந்த இரண்டு விநாடி போதாதா?

இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. சைக்கிளில் போகும்போது பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த ப்ரீவீலின் அண்ணன்தான் வைத்தியர். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் நுனியில் மாட்டும் ஒருவழிக் கப்ளிங். டிராக்டர் பேலரைச் சுற்றலாம், பேலர் டிராக்டரைச் சுற்ற முடியாது. கிளட்சை மிதித்தால் வண்டி அங்கேயே நிற்கும், ஃப்ளைவீல் டிக் டிக்கென்று தனியாகச் சுற்றி அடங்கும். மாட்டும்போது ஷாஃப்ட்டின் மொத்த நீளம் மூன்று நான்கு அங்குலம் கூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது, டிராக்டரையும் பேலரையும் இணைக்கும் கார்டன் ஷாஃப்ட்டை அளந்து அதற்கேற்ப வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் திரும்பும்போது முட்டிக்கொள்ளும்.

ஆனாலும் தம்பி, உங்களுக்கு இது மட்டும் போதாது. செயின் வண்டி, அதாவது டயருக்குப் பதில் செயினில் ஓடும் அறுவடை மெஷின், அறுத்துவிட்டுப் போன வயலில் வைக்கோல் வரிசை ஒரே சீராகவா கிடக்கிறது? ஒரு இடத்தில் மெல்லிசாக இருக்கும், வண்டி திரும்பிய மூலையில் இடுப்புயரம் குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்குள் போகும்போது வண்டி நிற்க வேண்டும், பேலர் நிற்கக் கூடாது. வாயில் இருப்பதை அது மென்று விழுங்கி முடித்ததும் மறுபடி நகர வேண்டும். சிங்கிள் கிளட்சில் இது நடக்காது. வண்டியை நிறுத்த மிதித்தால் பேலருக்கும் இன்ஜின் பலம் போய்விடும், வாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பேலரின் வேகத்தை 540லிருந்து குறைக்காமல் வண்டியின் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும், அதற்குத்தான் இரட்டை கிளட்ச்.

இரட்டை கிளட்சின் அழகைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒரே கூட்டுக்குள் இரண்டு தட்டு. ஒன்று கியர்பாக்ஸுக்கு, இன்னொன்று பி.டி.ஓ.வுக்கு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் போக வேண்டும், ஆனால் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். எப்படி? குடைக் காம்பின் குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்திருக்கிறதல்லவா, அப்படி. வெளியே ஒரு குழல் ஷாஃப்ட், அதன் வயிற்றுக்குள் இன்னொரு ஷாஃப்ட். உள்ளே இருப்பது ஒரு வேகத்தில் சுற்றும், வெளியே இருப்பது சும்மா நிற்கும், நடுவில் மயிரிழை இடைவெளியும் எண்ணெயும் மட்டும். பெடலைப் பாதி மிதித்தால் முதல் தட்டு விடும், வண்டி நிற்கும், பேலர் ஓடும். முழுக்க மிதித்தால் இரண்டாவதும் விடும். எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு காலின் பாதி மிதி, முழு மிதிக் கணக்கில் இரண்டு உலகம் பிரிகிறது! இதற்கும் ஒரு படி மேலே ஐ.பி.டி.ஓ., அதில் பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்சும் கைப்பிடியும் இருக்கும், கால் பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கனடாவின் காக்ஷட் 30 என்ற டிராக்டர் 1946லேயே வண்டி நின்றாலும் தொடர்ந்து சுற்றும் பி.டி.ஓ.வோடு சந்தைக்கு வந்துவிட்டது. நம்மூரில் இன்றைக்கும் ஒரே மாடலில் சிங்கிள், டூயல் இரண்டும் விற்கிறார்கள், விலை குறைவு என்று சிங்கிளைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

எடையையும் பாருங்கள். பிளஞ்சர் ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் அந்த உதை கொக்கி வழியாக டிராக்டருக்கு வரும். வண்டி லேசாக இருந்தால் நாள் முழுக்கத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான், சாயங்காலம் இடுப்பு சொல்லும். அதற்காக ரொம்பக் கனமும் ஆகாது. தை அறுவடையில் களிமண் வயல் முழுதாகக் காய்ந்திருக்காது, கனமான வண்டி அடிமண்ணை இறுக்கிவிட்டுப் போகும். 2 டன்னை ஒட்டி இருக்கும் வண்டி போதும் என்பது என் அபிப்பிராயம். கியர்களில் மணிக்கு 2லிருந்து 6 கி.மீ.க்குள் எத்தனை கியர் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் பி.டி.ஓ.வும் குறைந்துவிடும், ஆகவே வேகத்தை மாற்ற கியர் ஒன்றுதான் வழி. நாலு வீல் டிரைவ், பவர் ஸ்டியரிங் எல்லாம் வசதியைப் பொறுத்தது.

வேட்டி கட்டிக்கொண்டு பி.டி.ஓ. பக்கம் போகாதீர்கள். 540 சுற்று என்றால் விநாடிக்கு 9. ஷாஃப்ட்டின் விட்டம் 35 மி.மீ., சுற்றளவு 11 செ.மீ. ஆக விநாடிக்கு ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டிக்கு இரண்டு விநாடி. "அய்யோ" என்று சொல்லி முடிப்பதற்குள் துணி தீர்ந்துவிடும், அதற்கடுத்து ஆள்தான். பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றுங்கள். ஃப்ளைவீலில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும், கல்லோ கட்டையோ மாட்டினால் தான் உடைந்து மெஷினைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறதே என்று அதைவிட உறுதியான போல்ட்டைப் போடுவது, ஃப்யூஸ் போகிறது என்று கம்பியைச் சுற்றுவதற்குச் சமம்.

வாங்குமுன் யாரை நம்புவது? அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி வாங்கிய டிராக்டர்கள் விளம்பரத்தில் சொன்னபடி உழைக்கவில்லை. மனிதர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்ததால் சும்மா விடவில்லை, சோதனை செய்யாத டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919ல் சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கும் புத்னி சோதனை நிலையம். பி.டி.ஓ.வில் உண்மையில் எத்தனை ஹெச்.பி. வந்தது, மணிக்கு எவ்வளவு டீசல் குடித்தது, எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். நம் வரிப்பணத்தில் செய்த சோதனை, ஆனால் டெல்டா விவசாயி படிக்கிற தமிழில் கிடைப்பதில்லை. ராக்கெட் ஏவும்போது நானும் கைதட்டுகிறவன்தான். ஆனால் கோவையிலும் குமுளூரிலும் வேளாண் பொறியியல் கல்லூரி வைத்திருக்கிற மாநிலத்தில், இந்த அறிக்கைகளை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கித் தர நாலு பேருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாதா? அது இல்லாத இடத்தில்தான் ராசிக்கு எந்தக் கலர், நம்பர் கூட்டுத்தொகை எட்டு வருகிறதா என்கிற ஆராய்ச்சி நடக்கிறது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, பழம் அஞ்சு ரூபாய். வைப்பதற்கு முன்னால் கிளட்சைச் சோதித்துவிடுங்கள்.

சோதனை எளிது. சமதளமான இடம், பின்பக்கம் ஷாஃப்ட்டில் எதுவும் மாட்டாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல். இன்ஜின் மெதுவாக ஓடட்டும். பெடலை முழுக்க மிதித்து, பி.டி.ஓ. லீவரைப் போட்டு, முதல் கியரையும் போடுங்கள். இப்போது பெடலை மெல்ல மெல்லப் பாதி வரை மட்டும் விடுங்கள். வண்டி அசையாமல் நிற்க, பின்னால் ஷாஃப்ட் மட்டும் சுற்ற ஆரம்பித்தால் அது டூயல் கிளட்ச், முதல் தட்டும் சரியாக விடுகிறது. ஷாஃப்ட் சுற்றும்போதே வண்டியும் நகர்ந்தால் ஒன்று சிங்கிள், இல்லை அட்ஜஸ்ட்மென்ட் போன டூயல்.

தம்பிக்கு இதைச் சொன்னேன். போன வாரம் ஒரு பழைய 42 ஹெச்.பி. வண்டியைப் பார்க்கப் போயிருக்கிறார், டூயல் என்று சொல்லித்தான் காட்டினார்களாம். பாதி பெடலில் ஷாஃப்ட்டும் வண்டியும் ஜோடியாகக் கிளம்பின. விலையில் பேசிக் குறைத்துக்கொண்டு, முதல் தட்டைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக்கையும் கூட்டிப் போகிறாராம்.