ஸ்க்ரீனிங்னா திரையிடலா?

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திரையிடல்". ஒரு முகாம் போஸ்டர்ல இப்படி நான் பாக்குறது இது மூணாவது தடவை. பக்கத்துல நின்ன அக்கா "என்ன படம் போடுறாங்க"ன்னு கேட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல.

ஸ்க்ரீன்னா மறைப்பு, தட்டி. நிலக்கரி, ஜல்லி சலிக்கிற சல்லடைக்கும் அதே பேரு. டாக்டருங்க சொல்ற ஸ்க்ரீனிங், அதாவது நல்லா இருக்கிறவங்களையும் சோதிச்சு, சந்தேகம் உள்ளவங்களைப் பிரிச்செடுக்கிறது, அந்தச் சல்லடை வழி வந்தது, சினிமா வழி இல்ல. அவ்ளோதான்.

திரையிடலாவது சிரிச்சிட்டுப் போயிடலாம். எனக்கு நிஜமாவே கோவம் வர்றது "புற்றுநோய் கண்டறியும் முகாம்"ங்கிறதுலதான். கேக்க நல்ல தமிழ், அதனால யாரும் சந்தேகப்படுறதில்ல. ஆனா அதைப் படிக்கிற பொம்பளைங்க "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அங்க எதுக்கு"ன்னு போயிடுறாங்க, ஒண்ணும் இல்லாதப்பவே வரணும்ங்கிறதுதானே மேட்டரே! ஹெச்பிவி கிருமி உள்ள தங்கி, வருஷக்கணக்கா செல்லை மாத்தி, அப்புறம்தான் அது புற்றுநோயாகுது. நர்ஸம்மா 3-5% அசிட்டிக் ஆசிட், அதாவது நம்ம காடி மாதிரி, பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல வச்சு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாக்குறது முக்கியமா அந்த மாற்றத்தத்தான். வெள்ளையா தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தமில்ல, அடுத்து கால்போஸ்கோப்னு பெருசாக்கிக் காட்டுற கருவி வச்சு பாப்பாங்க, தேவைன்னா பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்து சோதிக்கிறது. ஆனா வாசல்லயே "கண்டறியும்"னு பேனர் கட்டிட்டு உள்ள "வெள்ளை தெரியுது"ன்னு சொன்னா அந்தம்மா என்ன நினைப்பாங்க? அழுதுட்டே பஸ் ஏறிடுவாங்க, அடுத்த டெஸ்டுக்கு எங்க வர்றது.

இத்தனைக்கும் இந்த டெஸ்டோட பலன் நம்ம மண்ணுலயே நிரூபிச்சது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை பக்கத்து கிராமங்கள்ல 30லேருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்குச் செஞ்சு, தேவைப்பட்டவங்களுக்கு வைத்தியமும் பாத்ததுல இந்த நோயால வர்ற சாவு 35% குறைஞ்சதுன்னு 2007ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. டெஸ்ட்டு சரியா இருக்கு, பேருதான் ஆளை விரட்டுது.

என்னைக் கேட்டா "சல்லடைச் சோதனை". கொச்சையா இருக்குன்னு மொழிபெயர்க்கிறவங்க மூக்கைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். மாவு சலிச்ச எந்தக் கைக்கும் விளக்கமே வேணாம்: சல்லடையில நின்னதெல்லாம் கல்லு இல்ல, கப்பியும் நிக்கும், எடுத்துப் பாத்துதான் தெரியும். முடிவு வந்தப்ப நர்ஸம்மா சொல்ல வேண்டியதும் இதேதான்.

தயவுசெஞ்சு அதை "சலிப்புச் சோதனை"ன்னு மட்டும் மாத்திடாதீங்க, காலைலேருந்து வரிசைல நிக்கிறவங்க ஏற்கனவே அதுலதான் இருக்காங்க.